கைப்பேசியில் ஒரு மருத்துவ வகுப்பு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவிற்கான அழைப்பு நம்மில் பலருக்கும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு வழியாகவே வந்தது. அதே கருவியில் நான் நாள்தோறும் மருத்துவ வகுப்பு நடத்துகிறேன் என்றால் சிலர் வியக்கலாம். என் மாணவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. பட்டத்திற்காக மூன்றாண்டு பயிலும் மருத்துவர்கள். அவர்களை ஒரே அறையில், ஒரே நேரத்தில் காண்பது அரிது. ஒருவர் இரவுப் பணி முடித்து உறங்குவார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்பார். மேலும், 2021 முதல் சேர்ந்த முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்பது விதி. ஆசிரியர் ஓரிடம், மாணவர் ஓரிடம். 2020 மார்ச்சு மாத ஊரடங்கில் வகுப்பறைகள் மூடப்பட்டபோது தேவைக்காகக் கைக்கொண்ட வழி, பின்னர் வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

அவ்வகுப்பு எவ்வாறு நடக்கிறது? காலை ஏழு மணிக்கு ஒரு நோயாளியின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதி, இ.சி.ஜி. படம் ஒன்றையும் இணைப்பேன். நெஞ்சுவலியுடன் வந்தவர், இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். ஆகிய பதிவுகளில் எஸ்.டி. கோடு உயர்ந்திருக்கிறது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு என்று பலரும் சரியாகவே எழுதுவர். நாவின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைக்கலாம் என்பார் ஒருவர். அப்பொழுது, வகுப்பறையில் வாய் திறவாத ஒரு மாணவி, “வலப்புற மார்பிலும் பதிவு எடுத்தோமா?” என்று வினவுவார். அவ்வினாவே அன்றைய பாடம். இதயத்தின் வலக் கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், அம்மாத்திரையால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே தீங்கு நேரலாம். இரவு ஒன்பது மணிக்குத்தான் நான் முடிவுரை எழுதுவேன். அதுவரை விடையை மட்டுமன்று, அதன் காரணத்தையும் ஒவ்வொருவரும் எழுதியாக வேண்டும். அறையில் கூச்சத்தால் அடங்கிய குரல்கள் இங்கே எழுத்தாய் எழக் காண்கிறேன்.

ஆயினும் கைப்பேசிக்கு எல்லை உண்டு. அனுப்பும்போது சுருங்கிவிடும் படத்தில் எலும்பின் மெல்லிய கீறல் மறைந்துவிடலாம். வயிற்றைத் தொட்டறியும் விரலுக்குத் திரை ஈடாகாது. உயிர் ஊசலாடும் வேளையில் குழுவில் எழுதிக் காத்திராதே, உடனே அழைத்துப் பேசு என்பது எங்கள் முதல் விதி.

இரண்டாம் விதியை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய ஒரு கல்லூரியில், மாணவர் ஒருவர் எக்ஸ்ரே படமொன்றைக் குழுவில் இட்டார். அதன் மூலையில் நோயாளியின் பெயர் இருந்தது. நானும் கவனியாது பாடம் நடத்தினேன். யாரோ அதனை வேறொரு குழுவிற்கு அனுப்ப, அது கைமாறிக் கைமாறி நோயாளியின் உறவினரையே அடைந்தது. மூன்றாம் நாள் அம்முதியவர் என்னிடம், “என் மகளுக்கே நான் சொல்லாத நோய், என் சம்பந்திக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன், விடை கூற என்னால் இயலவில்லை. அன்று முதல், நோயாளியின் இசைவின்றி எந்தப் படமும் இல்லை. பெயர், முகம், பதிவு எண் எதுவும் தோன்றலாகாது. குழுவைவிட்டு வெளியே அனுப்புதலும் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது 2023-இல். ஆனால் நம்பி வந்தவரின் மறையைக் காப்பது மருத்துவனின் பழைய கடமை, சட்டத்திற்கும் மூத்தது.

அன்பர்களே! நம் காலனிப் பிள்ளைகளும் சிலர் மருத்துவ மேற்படிப்புப் பயில்கின்றனர். உணவு வேளையில் அவர்கள் கைப்பேசியை நோக்கினால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள்; அது பாடமாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டாரின் மருத்துவ அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், தயைகூர்ந்து அதனை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் மாணவர்க்கு நான் கற்பிக்கும் பாடங்களுள் கடினமானது அதுவே. அதைக் கற்க மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை.