உறைமோர் கொடுத்த கை

பட்டிமன்றத் தலைப்பு: அயல்நாட்டில் வாழும் நம்மவர் பெரிதும் ஏங்குவது ஊர் உறவுக்கா? ஊர் உணவுக்கா?
'ஊர் உணவுக்கே' என்ற அணியில் ஆற்றிய உரை. இடம்: திருக்கடையூர்.

அன்பும் கண்டிப்பும் ஒருசேர நிறைந்த நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! இப்போதுதான் பேசி முடித்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு) என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த என் திருக்கடையூர் மக்களே! வீட்டில் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

நடுவர் அவர்களே, பார்த்தீங்களா? எதிரணி நண்பர் இருபது நிமிஷம் உறவு, உறவுன்னு உருகினாரு. பேசி முடிச்சதும் எதைத் தேடினாரு? அவங்க அண்ணனையா? தண்ணியை! (கைதட்டல்)

இந்த மேடையை எங்கே போட்டிருக்கீங்க? திருக்கடையூர்ல. இந்த ஊருக்குப் பேரு வந்ததே ஒரு பாத்திரத்தால. தேவர்கள் பாற்கடலைக் கடைஞ்சு எடுத்த அமிர்த கடம் இங்கேதான் லிங்கமா நின்னுதுன்னு தலபுராணம் சொல்லுது. அதனால்தான் இது கடவூர், சுவாமிக்குப் பேரு அமிர்தகடேசுவரர். சாகாம இருக்கணும்னு நினைச்சப்போ தேவர்கள் எதைத் தேடினாங்க? சித்தப்பா பையனையா தேடினாங்க? சாப்பிடுற பொருளைத்தானே தேடினாங்க! (சிரிப்பு)

"சோறு எங்கே வேணும்னாலும் கிடைக்கும், சொந்தம் கிடைக்குமா?" என்று நண்பர் கேட்டார். ஐயா, நீங்க 1983-ஆம் வருஷம் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், ஒரு சின்ன ஊரில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீங்க. நான் இருந்தேன். சொந்தத்துக்காவது கடுதாசி போடலாம். கத்திரிக்காய்க்குக் கடுதாசி போட முடியுமா?

கல்யாணமான ஆறாவது மாசம். எங்க வீட்டுக்காரருக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. ஜனவரி மாசம் சிகாகோ விமான நிலையத்தில் போய் இறங்கினேன். பெட்டியிலே துணி பாதி, எங்க அம்மா இடிச்சுக் கொடுத்த பொடி பாதி. சுங்க அதிகாரி ஒரு பொட்டலத்தை எடுத்தாரு. கருவேப்பிலைப் பொடி. கறுப்பா, நைஸா இருக்கு. "இது என்ன?"ன்னு கேட்டாரு. "எங்க அம்மா செஞ்சு கொடுத்தது"ன்னு சொல்ல நினைச்சேன். பயத்துல இங்கிலீஷ் பாதியிலேயே நின்னு போச்சு. "மை மதர்"னு மட்டும் சொன்னேன். (சிரிப்பு) அந்த மனுஷன் பொட்டலத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. பொட்டலத்தை ரெண்டு கையாலும் மெதுவா பெட்டியில் வச்சாரு, தொப்பியைக் கழட்டினாரு, "ஐயாம் சாரி"ன்னாரு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பொடி தப்பிச்சுது. நான் தப்பிக்கலை. நாங்க சைவம். கடைக்குப் போனா, காய்கறி சூப்புன்னு டப்பாவில் போட்டிருக்கும். உள்ளே மாட்டெலும்புச் சாறு. ஜெல்லின்னு பிள்ளைங்க சாப்பிடுற பண்டம். அதுல மாட்டுத்தோல், எலும்புலேருந்து எடுக்கிற ஜெலட்டின். ஒருநாள் வேகவெச்சு மசிச்ச பீன்ஸ் ஒரு டப்பா கிடைச்சுது. அப்பாடா, பருப்பு மாதிரி பிசைஞ்சு சாப்பிடலாம்னு எடுத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு கடைக்காரப் பையனைக் கேட்டேன், "இதுல என்னப்பா இருக்கு?" "பீன்ஸ், உப்பு, லார்ட்"னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். லார்டுன்னா சாமியாச்சே, ஏதோ பிரசாதம்போல இருக்குன்னு ரெண்டு டப்பா வாங்கிட்டேன். (சிரிப்பு) வீட்டுக்கு வந்து அகராதியைப் பிரிச்சா, லார்டுன்னா பன்றிக்கொழுப்பு! (பலத்த சிரிப்பு) அன்னியிலேருந்து எங்க வீட்டுல பகவத் கீதை படிக்கிறதுக்கு முன்னால டப்பா லேபிளைத்தான் படிப்போம்.

ரவைக்குப் பதிலா, அவங்க காலையில் கஞ்சி காய்ச்சுற கிரீம் ஆஃப் வீட். அதுல உப்புமா கிளறினோம். புளிக்குப் பதிலா எலுமிச்சை. எல்லாத்தையும் சமாளிச்சேன் ஐயா. ஒண்ணே ஒண்ணைச் சமாளிக்க முடியலை. தயிர்! கடைத் தயிர்ல ஸ்ட்ராபெரி போட்டிருக்கான், சர்க்கரை போட்டிருக்கான், கெட்டியா நிக்கிறதுக்கு அந்த ஜெலட்டினையும் போட்டிருக்கான். பால் கேலன் கேலனா கிடைக்குது. உறை ஊத்த ஒரு ஸ்பூன் மோர் கிடைக்கலை. காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவ, கடைசி வாய் மோர்சாதம் இல்லாம எழுந்திருச்சா, சாப்பிட்ட மாதிரியா இருக்கும்? நாற்பது நாள் அப்படித்தான் எழுந்தேன்.

அப்புறம், எண்பது மைல் தள்ளி ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சுது. பனியிலே கார் ஓட்டிக்கிட்டுப் போனோம். அந்த அம்மா சோறு போட்டாங்க, பப்பு போட்டாங்க. கடைசியில் வெள்ளை வெளேர்னு கெட்டித் தயிர். வெட்கத்தை விட்டுச் சொல்றேன் நடுவர் அவர்களே, அந்தத் தயிரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. புறப்படும்போது ஒரு சின்னக் கிண்ணத்துல உறைமோர் எடுத்துக் கொடுத்தாங்க. நான் கையை நீட்டலை. ஏன்னா, நம்ம ஊர்ல விளக்கு வச்ச பிறகு உப்பு, மோர் கொடுக்க மாட்டாங்க இல்லையா? வெளியே கும்மிருட்டு. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த அம்மா சிரிச்சாங்க. "அம்மாயி, இந்த ஊர்ல குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே இருட்டிடும். உங்க ஊர்க் கணக்குப் பார்த்தா ஏப்ரல் வரைக்கும் யாருக்கும் தயிர் கிடையாது, வாங்கிக்கோ!"ன்னாங்க. (கைதட்டல்)

அந்தக் கிண்ணத்தை வீடு வரைக்கும் மடியில் வச்சுக்கிட்டே வந்தேன். அந்த மோர்லேருந்து உறை ஊத்தி, அதுலேருந்து அடுத்தது, அதுலேருந்து அடுத்ததுன்னு எங்க வீட்டுத் தயிர் பதினோரு வருஷம் நிக்காம ஓடிச்சு. ஊருக்குப் புதுசா வந்த எத்தனையோ பேருக்கு அதுலேருந்துதான் உறைமோர் போச்சு. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பம். எதிரணி நண்பரே, இவங்க யாரும் எனக்கு உறவு இல்லை. உறவாக்கினது ஒரு ஸ்பூன் மோர்!

மளிகைக்கு எங்கே போவோம்? சிகாகோவில் டெவன் அவென்யூன்னு ஒரு தெரு. 1974-ல் பட்டேல் சகோதரர்கள் அங்கே ஒரு சின்ன மளிகைக் கடை திறந்தாங்க. இன்னைக்கு அமெரிக்கா பூரா அவங்க கடை இருக்கு. எங்களுக்கு அது அஞ்சு மணி நேரப் பயணம். ஒரு கார்ல அஞ்சு பேர், கையில பன்னிரண்டு வீட்டுப் பட்டியல். துவரம்பருப்பு யாருக்கு எத்தனை, பெருங்காயம் யாருக்குன்னு கணக்கு. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வந்தா, பன்னிரண்டு வீடும் எங்க வீட்டு வாசல்ல காத்திருக்கும். சங்கம் வெக்கலை, தலைவர் செயலாளர் இல்லை. பருப்பு மூட்டையைப் பிரிச்ச இடம்தான் எங்க சங்கம். (கைதட்டல்)

சொந்தக் கதை போதும், சரித்திரத்துக்கு வர்றேன். 1888-ல் காந்தியடிகள் லண்டனுக்குப் படிக்கப் போனாரு. மாமிசம் தொடமாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிட்டுப் போனவரு. வீட்டுக்காரம்மா போட்ட சாப்பாடு உப்புச் சப்பில்லை. தினம் பத்து, பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவு விடுதி தேடினாரு. கடைசியில் ஃபாரிங்டன் தெருவுல ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு. அங்கேயே, சைவ உணவு பற்றி ஹென்றி சால்ட் எழுதின புத்தகத்தையும் வாங்கினாரு. அதைப் படிச்சுட்டு, சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து, அதன் செயற்குழுவுக்கும் வந்தாரு. கூட்டத்துல எழுந்து நின்னு பேசவே கூசின பையன் பொதுவாழ்க்கையைப் பழகிக்கிட்ட இடம் அது. வயித்துக்குத் தேடிப் போனாரு, கூட்டாளிங்க கிடைச்சாங்க.

இன்னொருத்தர். நம்ம கும்பகோணத்துக்காரர். இங்கேருந்து பஸ் ஏறினா, மாயவரத்துல மாறி, ரெண்டு மணி நேரத்துல அவர் வீட்டுக்குப் போயிடலாம். கணிதமேதை சீனிவாச ராமானுஜன்! 1914-ல் கேம்பிரிட்ஜ் போனாரு. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துல அவர் கை நனைக்க முடியாது. தன் அறையிலேயே, தானே சமைச்சுக்கிட்டாரு. போன அதே வருஷம் உலகப்போர் வந்துடுச்சு. புளியும் தேங்காய் எண்ணெயும் ஊர்லேருந்து கப்பல்ல வரணும், கப்பல் வந்தாத்தானே? பின்னாளில் பெரிய புள்ளியியல் அறிஞராகப் பேர் வாங்கின மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறையில் உட்கார்ந்து, பத்திரிகையில் வந்த ஒரு புதிர்க்கணக்கை வாசிச்சுக் காட்டினாரு. ராமானுஜன் அடுப்புல காய் வதக்கிக்கிட்டிருந்தாரு. கிளறினபடியே விடை சொன்னாரு. அந்த ஒரு கணக்குக்கு இல்லை, அந்த வகைக் கணக்கு எல்லாத்துக்கும் சேர்த்து! (கைதட்டல்)

கேட்கப் பெருமையா இருக்கு. ஆனா ஒரு தாயா அந்தக் காட்சியைப் பாருங்க. உலகமே வியந்த மூளை. அதுக்கு ஒரு வாய் சோறு வேணும்னா, அதே மூளை எழுந்து போய் அடுப்பைப் பத்தவைக்கணும். நண்பர்களைக் கூப்பிட்டு ரசம் வச்சுப் போட்டவர் அவர். அவருக்கு ரசம் வச்சுப் போட அங்கே ஒரு கை இல்லை. மனைவி ஜானகி கடலுக்கு இந்தப் பக்கம். 1917-ல் நோயில் விழுந்தாரு. 1919-ல் எலும்பும் தோலுமா ஊர் திரும்பினாரு. 1920 ஏப்ரல் 26, முப்பத்திரண்டு வயசுல போயிட்டாரு. சாப்பாடு இல்லாததாலதான் போனாருன்னு நான் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் காசநோய்னு வைத்தியம் பார்த்தாங்க. 1994-ல் பழைய குறிப்புகளை ஆராய்ஞ்ச ஒருத்தர், அமீபாவால் கல்லீரலில் வந்த நோயாக இருக்கலாம்னு எழுதினாரு. ஆனா, நோயில் கிடந்த காலத்திலும் வாய்க்குப் பிடிச்ச ஒரு பிடி சோறு அவருக்குப் பெரும்பாடா இருந்துதே, அது நெஞ்சை அறுக்கலையா?

எதிரணியில் அடுத்துப் பேசப்போற தங்கை இப்போ மனசுக்குள்ளே நினைப்பாங்க: "அதெல்லாம் பழங்கதை, இப்பத்தான் எல்லாம் கிடைக்குதே!" ஆமாம்மா, கிடைக்குது. போன வருஷம் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நியூ ஜெர்சியில எடிசன். ஓக் ட்ரீ ரோடுன்னு ஒரு சாலை, நம்ம கடைங்களா இருக்கு. நறுக்கின முருங்கைக்காய் கிடைக்குது, துருவின தேங்காய் கிடைக்குது, சின்ன வெங்காயம், வாழை இலை, ஆட்டின இட்லி மாவு. நாற்பது வருஷத்துக்கு முன்னால நான் அழுத தயிர், வாளி வாளியா அடுக்கியிருக்கு.

ஆனா வீட்டுல? பேத்தி ஆறு மணிக்கு டிவி முன்னால சாப்பிடுறா. மருமகள் ஏழரைக்கு கம்ப்யூட்டர் முன்னால. மகன் ஒன்பதரைக்கு நின்னுக்கிட்டே. நான் தனியா ஒரு தட்டு. ஃப்ரிட்ஜ் நிறைஞ்சிருக்கு, கூடம் காலியா இருக்கு. மாடியில் ஒரு பையன், படிக்க வந்தவன். எந்த ஊருப்பான்னேன். கும்பகோணம்! என்னப்பா சாப்பிட்டேன்னா, ரொட்டியும் ஜாமும்னான். "கீழேயே கடை இருக்கே?"ன்னேன். "கடையில எல்லாம் இருக்கும்மா. ஒருத்தனுக்காகச் சமைக்கத்தான் மனசு வரலை"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துது. நூறு வருஷம் கழிச்சு இன்னொரு கும்பகோணத்துப் பிள்ளை. இப்போ போர் இல்லை, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனா அதே அறை, அதே ஒத்தைத் தட்டு.

அந்த ஞாயித்துக்கிழமை மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இன்னைக்கு மத்தியானம் எல்லாரும் ஒண்ணா தரையில உட்காரணும், மாடிப் பையனும் வரணும்." வத்தக்குழம்பு, கத்திரிக்காய் பொரியல், எலுமிச்சை ரசம். பையன் மூணு தரம் ரசம் வாங்கினான். போகும்போது ஒரு டப்பாவில் உறைமோர் கொடுத்தேன். "கடையிலயே தயிர் கிடைக்குதே பாட்டி?"ன்னு பேத்தி கேட்டா. "தயிர் கிடைக்கும் கண்ணு. நாளைக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க அவன் நம்ம வீட்டுக்கு வரணும் இல்ல, அதுக்குத்தான்"னேன். (நீண்ட கைதட்டல்) நான் ஊர் திரும்பின பிறகும் அந்த ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு நடக்குது. இப்போ ஏழு பேராம்.

நடுவர் மணியில் கை வைக்கிறார், முடிச்சுக்கிறேன். உடனே, "பாத்தீங்களா, உறவுதான் முக்கியம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க"ன்னு எதிரணி குதிக்க வேண்டாம். (சிரிப்பு) ஊர் உணவுன்னு நான் சொல்றது கடையில் கிடைக்கிற சாமானை இல்லை. ஒருத்தர் சமைச்சு, ஒருத்தர் பரிமாறி, "இன்னும் கொஞ்சம்"னு கேட்டு உண்ணுற சோத்தை. அதுக்குத்தான் ஏங்குறோம். உறவு இருக்கிற இடத்துல சோறு கிடைக்கும், நிஜம்தான். ஆனா உறவே இல்லாத அயல்நாட்டுல, சோறு போட்டுத்தான் உறவை உண்டாக்கணும்.

2012-ல், இதே கோயிலில், என் வீட்டுக்காரருக்கு மணிவிழா நடந்தது. இன்னைக்கு அவர் இல்லை. அன்னைக்குச் சொந்தக்காரங்களில் பாதிப்பேர், லீவு இல்லை, டிக்கெட் இல்லைன்னு வரலை. அயோவாவிலேருந்து அந்தத் தெலுங்கு அம்மா வந்திருந்தாங்க. எழுபது தாண்டின வயசு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மோர் வந்ததும், பரிமாறின பையன்கிட்ட "முதல்ல இந்தப் பொண்ணு இலைக்கு ஊத்துப்பா"ன்னாங்க.

அந்தக் கை ஊர் உணவு கொடுத்த கை. நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்தக் கைக்குக் கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)