உழைப்பும் வேண்டும், கோப்பும் வேண்டும்



“வாங்கும் சம்பளத்துக்கு உண்மையாக உழை, மற்றதெல்லாம் தானாக வரும்.” முதல் நாள் வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு மலேசியத் தமிழ்ப் பெற்றோர் சொல்லி அனுப்பும் அறிவுரை இது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த தலைமுறை அப்படி உழைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால், பட்டம் பெற்று இருபது ஆண்டுகள் பணியாற்றியவர்கள்கூட, வேலை போன பிறகுதான் இன்னொரு பாடத்தைக் கற்கிறார்கள். உழைப்பை நிரூபிக்கக் கையில் தாள் வேண்டும். அதைக் காட்ட நாளும் மிச்சமிருக்க வேண்டும்.

தனியார் துறையில் தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி முறையிடலாம். அந்த முறையீட்டைத் தொழிலியல் உறவுத் துறையிடம் 60 நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘பண்டிகை முடியட்டும், மேலாளரிடம் பேசிப் பார்க்கலாம்’ என்று காத்திருப்பவருக்கு, 61ஆவது நாள் கதவு அடைபட்டுவிடும்.

சொக்சோவின்கீழ் 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்திலும் இதே 60 நாள் கெடுதான். வேலை இழந்த சந்தாதாரருக்கு, வேறு வேலை தேடும் காலத்தில் அது உதவித்தொகை தருகிறது. தாமாக விலகியவருக்கு அது கிடையாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “நீங்களே விலகிவிட்டால் பெயர் கெடாது” என்று கடிதத்தை நீட்டினால், கலங்கிய மனத்தோடு அங்கேயே கையெழுத்திடுகிறார்கள். கட்டாயத்தால் விலகியதாகப் பின்னர் வாதாடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் ஊழியர் தோளில் விழும். ஒருநாள் அவகாசம் கேட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு முடிவெடுப்பதே விவேகம்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஆண்டு மதிப்பீடு, காரணம் கேட்டு வந்த கடிதம், அதற்கு எழுதிய பதில் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். வேலை போன அன்றே அலுவலகக் கணினி பூட்டப்பட்டுவிடலாம். ஊழியர் சேமநிதிச் சந்தாவை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். அது கணக்கில் ஏறியதா என்று மாதந்தோறும் பார்ப்பது நல்லது. நிறுவனம் மூடிய பிறகு பார்த்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இப்படிக் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்போர் உண்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் மனிதவளப் பிரிவு ஒரு கோப்பு வைத்திருக்கிறது. அதை யாரும் விசுவாசக் குறைவு என்பதில்லை. ஊழியரும் தமக்கென ஒன்று வைத்திருப்பதில் தவறென்ன?

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துத் தரும் பிள்ளைக்கு, அதே கடைத்தெருவில் பெற்றோர் ஒரு கோப்பு வாங்கிக் கொடுக்கட்டும். விலை சில வெள்ளிதான். அதில் முதலில் வைக்க வேண்டியது நியமனக் கடிதம்.