பழுதுற்ற பட்டறைக் கிளாம்புகளைச் சீர்படுத்தல்

(வாசுதேவநல்லூரில் சங்க அங்கத்தினர் முன்னிலையில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



தவணையையும் வட்டியையும் பற்றிப் பேசும் இன்ஸ்பெக்டர் இன்று இரும்பைப் பற்றிப் பேச வந்ததேன் என்று தாங்கள் வியப்புறலாம். 1904ஆம் வருஷத்துச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912ஆம் வருஷத்துச் சட்டமோ மற்றக் காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. ஆகவே, பொதுவில் கருவி வாங்கி வைத்து உபயோகிப்பதும் கூட்டுறவுத் தொழிலேயாம். அக்கருவியைப் பழுதின்றிக் காப்பதும் அத்தொழிலின் பகுதியேயாம்.

நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் இருப்புப் புஸ்தகத்தின்படி ஆறு கிளாம்புகள் இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தவை இரண்டே. மற்ற நான்கும் வளைந்த நிலையில், ஒரு தச்சரின் வீட்டில் சாக்குக்கு அடியிற் கிடந்தன. அபராதத்திற்கு அஞ்சி அவர் அவற்றை மறைத்து வைத்திருந்தார். அது மட்டுமன்று, வேலை நின்றுவிடுமே என்று வெளியில் வட்டிக்குப் பணம் வாங்கிப் புதிய கிளாம்பு ஒன்றும் வாங்கியிருந்தார். எந்த வட்டிக் கொடுமையிலிருந்து காக்கச் சங்கம் தோன்றியதோ, அதனிடமே அந்த அச்சம் அவரைக் கொண்டுபோய் விட்டது. அந்த நான்கையும் ஊர்க் கொல்லரிடம் காட்டினோம். மூன்று பிழைத்தன.

அவை பிழைத்த விதத்தைக் கூறுகிறேன். வச்சிரம் பூசிச் சேர்த்த பலகைகள் உலரும் வரையில் அசையாது இறுக்கிப் பிடிப்பது கிளாம்பின் வேலை. அதற்கு வளைந்த சட்டம் ஒன்று, மரையுள்ள திருகு ஒன்று, திருகைச் சுற்றும் கைப்பிடிக் கம்பி ஒன்று என மூன்று உறுப்புகள் முக்கியம். முதலில் சட்டம் எவ்விரும்பு என்று அறிதல் வேண்டும். சாதாரண வார்ப்பிரும்பு வளையாது, முறியும். முறிந்த இடம் சாம்பல் நிறத்துடன் பொரபொரவென்றிருக்கும். அதை உலையிலிட்டு அடித்தால் நொறுங்கும். அதைப் பழைய இரும்பாக விற்று, வரும் தொகையைச் சங்கக் கணக்கில் வரவு வைப்பதே முறை. நமது நான்காவது கிளாம்பு இவ்வகையன்று. வளைந்த இடத்திலேயே மயிரிழைக் கீறல் கண்டிருந்தது. கீறல் கண்ட சட்டம் இறுக்கும்போது தெறித்துக் கையையோ கண்ணையோ கெடுக்கும். ஆதலின் அதையும் நீக்கினோம்.

அடித்துச் செய்த எஃகுச் சட்டமாயின், திருகைக் கழற்றிவிட்டு, வளைந்த பாகம் ஒரே சீராகச் சிவக்கக் காய்ச்சி, அடைகல்லின் மீது வைத்துப் பையப்பைய நிமிர்த்தலாம். பின்பு சாம்பலில் ஆறவிட வேண்டும். செந்நிறத்தில் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கடினமாகிப் பிறகு எளிதில் உடையும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பை அப்படியே காய்ச்சலாகாது. அதன் வெண்புகை சுரம் உண்டாக்கும். நிமிர்த்திய சட்டத்திற்குப் பழைய முழுபலம் உண்டென்று நம்பாமல், இலேசான வேலைகளுக்கே அதைக் கொடுக்க வேண்டும்.

திருகு நேராயிருக்கிறதா என்பதைச் சமமான கல்லின்மேல் உருட்டிப் பார்த்தால் தெரியும். சிறிது கோணலாயின் மரக்கட்டைகள் இரண்டின் நடுவே வைத்து நிமிர்த்தலாம். இரும்பின்மேல் வைத்தடித்தால் மரை நசுங்கும். நசுங்கிய மரையை முப்பட்டை அரத்தால் திருத்தி எண்ணெய் பூசுக. கைப்பிடிக் கம்பி வளைந்ததற்கு வருந்த வேண்டாம். அளவு மீறி முறுக்கும்போது பெரும்பாலும் முதலில் வளைவது அதுவே. அது வளைந்து நமக்கு எச்சரிக்கை தருகிறது. அதற்குப் பதிலாகப் பருத்த கம்பியைச் செருகுவதும், குழாயை மாட்டி முறுக்குவதும் சட்டத்தையே கெடுக்கும். நமது நான்கும் கெட்ட காரணம் அந்தக் குழாயே!

சட்டம் போயினும் திருகு நன்றாயிருந்தால் அதை வீணாக்கலாகாது. அதன் மரைத்துளையுடன் கனத்த மரச்சட்டத்தில் பொருத்தினால், கணக்குப் புஸ்தகம் கட்டுவதற்கு ஏற்ற சிறு அழுத்துப்பொறி அமையும்; தச்சுமேஜையின் ஓரத்தில் பொருத்தினால் பலகை பிடிக்கும் பிடியாகும். நீண்ட கிளாம்பின் தண்டு ஒரு முனையில் வளைந்திருந்தால், அந்த முனையை அறுத்தெறிந்து குட்டைக் கிளாம்பாக்கலாம். இரும்பே இல்லாவிடினும், கட்டையொன்றில் இரண்டு முளையடித்து, பலகைக்கும் முளைக்கும் இடையே எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செலுத்தினால் இறுக்கம் கிடைக்கும். எதுவாயினும், பழுதுபார்த்த கிளாம்பைப் பாரந்தூக்கவோ, வண்டிக்கு முட்டுக்கொடுக்கவோ ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

யுத்த காலத்தில், 1941ஆம் வருஷம், இரும்பும் எஃகும் கட்டுப்பாட்டு உத்தரவுக்கு உட்பட்டன. காசிருந்தும் இரும்பு எளிதிற் கிட்டாத அக்காலத்தின் பாடத்தை, கடையில் தாராளமாய்க் கிடைக்கும் காலத்தில் மறத்தல் தகாது.

முடிவாக, பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இருப்புப் புஸ்தகத்தில் ‘பழுது’ என்று ஒரு கலம் போடுங்கள். கருவி கெட்டவுடன் தாமே வந்து கூறுபவருக்கு அபராதம் வேண்டாம். கொல்லர் கூலியைச் சங்கமே ஏற்கட்டும். மறைப்பவரை மட்டும் விசாரியுங்கள். அங்கத்தினர்களே, வளைந்ததைக் காட்ட வெட்கப்படாதீர்கள். அன்றே காட்டினால் இரும்பு நிமிரும். மறைத்து வைத்தால் கடன் வளரும்.