புடவைக்கு அடியில் கிடந்த மார்க் ஷீட்



எனக்கு ஜீயபுரம் பக்கம். பத்தாவது படிச்சவன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்குவேன். உண்மை என்னன்னா, 2005-ல இங்கிலீஷ்ல மட்டும் ஃபெயில். பாஸுக்கு 35 வேணும், நான் எடுத்தது 22. அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க. மார்க் ஷீட் பீரோவுல புடவைக்கு அடியில கிடந்தது.

எங்க குழுவுக்கு நான்தான் ஊக்குநர். ஒரு தடவை லோன் பேப்பர்ல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். கணக்குல ஏறின பணத்துல 1,180 ரூபாய் குறைஞ்சது. ஒரு அக்கா வாய்விட்டே கேட்டுட்டாங்க, "மிச்சம் எங்கம்மா?" எனக்குச் சோறு இறங்கலை. ராத்திரி எட்டாவது படிக்கிற என் பொண்ணு பேப்பரைப் படிச்சுட்டு, "இன்சூரன்ஸுக்குப் பிடிச்சிருக்காங்கம்மா. சம்மதம்னு நீதான் கையெழுத்துப் போட்டிருக்கே"ன்னா.

மறுநாளே போய் விசாரிச்சேன். தனித்தேர்வரா ஃபெயிலான பாடத்தை மட்டும் எழுதலாம். பழைய மார்க் ஷீட்டோட சேவை மையத்துல பதியணும். நாம படிச்சப்ப இங்கிலீஷ் ரெண்டு பேப்பர். 2019-20 படிப்பு வருஷத்துலேருந்து ஒரே பேப்பர், புத்தகமும் புதுசு. பொண்ணுதான் எனக்கு டீச்சர். "ஹீ கோ இல்லம்மா, ஹீ கோஸ்"னு தலையில குட்டுவா. அடுப்படிச் சுவத்துல கரியால எழுதி வைப்பேன். மாமியார் முணுமுணுத்தாங்க, ஆனா அழிக்கலை. மேப்பைப் பார்த்து வழி சொல்ற கேள்விக்கு, அம்மா மண்டபத்துலேருந்து ராஜகோபுரத்துக்கு வழி சொல்லியே பழகினேன்.

2023-ல எழுதினேன். 31 மார்க். நாலு மார்க்ல போச்சு. வீட்டுக்காரர், "விடு, வாழைக்கு ஆள் வேணும்"னார். விடலை. மறுவருஷம் சத்திரம் போய், ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு, ஸ்ரீரங்கத்து சென்டர்ல மறுபடி உட்கார்ந்தேன். முதல் 10 நிமிஷம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும்தான் விடுவாங்க. போன தடவை அந்த நேரத்துல சாமி கும்பிட்டேன். இந்தத் தடவை ஒழுங்கா படிச்சேன். லெட்டர், நோட்டீஸ், விளம்பரம், படத்தைப் பார்த்து எழுதுறது, இதையெல்லாம் முதல்ல முடிச்சேன். 43.

அடுத்த லோனுக்கு வரிக்கு வரி விரல் வச்சுப் படிச்சேன். பாதி புரியலை. இன்சூரன்ஸ்ங்கிற வார்த்தை மட்டும் கண்ணுல பட்டுச்சு. "இது என்ன சார், எங்களைக் கேட்காம?"ன்னேன். விளக்கம் சொன்னாங்க, வேண்டாம்னதும் எடுத்துட்டாங்க. இதைத் தமிழ்லயே கேட்கலாம்தான். ஆனா எதைக் கேட்கணும்னு தெரியணுமே!

புத்தகம் என்கிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. வரும்போது பீரோவைத் துழாவி, பழைய மார்க் ஷீட்டையும் எடுத்துட்டு வந்துடுங்க.