பனிச்சறுக்கு வீரரின் இதயம்



1899-இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஹென்ஷென் என்ற மருத்துவப் பேராசிரியர் பனிச்சறுக்குப் போட்டியாளர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தார். ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ கருவி வருவதற்குப் பல பத்தாண்டுகள் இருந்தன. தட்டும்போது ஓசை மாறும் இடத்தை வைத்தே இதயத்தின் எல்லையைக் குறித்து, இவர்களின் இதயம் பெருத்திருக்கிறது என்று கண்டார். பெருத்த இதயம் என்றாலே நோய் என்று பலரும் நம்பிய காலம் அது. ஹென்ஷெனோ இது கூடுதலாக உழைக்க வல்ல இதயம் என்றார். விரல் நுனியை நம்பி அவர் சொன்னதைப் பின்னாளில் எக்கோவும் உறுதிப்படுத்தியது.

ஓய்வில் நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. தேர்ந்த நெடுந்தூர வீரருக்கு உச்ச உழைப்பில் அது 30 லிட்டரைத் தாண்டும். ஆண்டுக்கணக்கில் இந்த வேலையைச் செய்யும் இடது கீழறை விரிகிறது. அதன் சுவரும் சற்றுத் தடிக்கிறது. ஒரே துடிப்பில் அதிக ரத்தம் போவதால் ஓய்வில் நாடி 40-க்கும் கீழே இறங்கலாம். தடிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. இத்தாலியில் 947 முன்னணி வீரர்களை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள். சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 16 பேர்தான்; ஒருவரைத் தவிர எல்லோரும் துடுப்புப் படகு வீரர்கள். அதனால் மற்ற வீரர்களிடம் அந்த அளவைக் கண்டால், பரம்பரை இதயத்தசை நோயோ என்று மருத்துவர் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

மறுபடியும் ஸ்வீடனுக்கே வருகிறேன். வாசலோப்பெட் என்பது 1922 முதல் அங்கே நடக்கும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி. 1989 முதல் 1998 வரை அதை முடித்த 52,755 பேரின் மருத்துவப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருமுறை மட்டும் முடித்தவர்களைவிட ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல். வேகமாக முடித்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். பெரும்பாலும் வந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதாவது மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குவது. மேலறைச் சுவர் மெல்லியது. கடும் உழைப்பில் அது திரும்பத் திரும்ப இழுபடுவதும் தழும்பேறுவதும் காரணமாகக் கருதப்படுகின்றன.

இதைக் கேட்டதும் நாளைக் காலை நடைப்பயிற்சியை நிறுத்திவிட ஒரு சாக்குக் கிடைத்ததாகச் சிலர் மகிழக்கூடும். பொறுங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாசலோப்பெட் வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்ட 2019 ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனால் வரக்கூடிய பக்கவாதம் வீரர்களிடம் குறைவாகவே இருந்தது. பெண் வீரர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனே குறைவு. ஆபத்து என்ற பேச்சு பல ஆண்டுகள் உச்ச வேகத்தில் போட்டியிடும் ஆண்களைப் பற்றியது. பூங்காவில் நடப்பவரைப் பற்றியது அல்ல.

பரம்பரை இதயத்தசை நோயையும் துடிப்புக் கோளாறையும் மனத்தில் வைத்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையையும், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் மூத்த வீரரையும் தண்ணீர் கொடுத்துத் திரும்பக் களத்துக்கு அனுப்பாதீர்கள். இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, இதய மருத்துவர் சரி என்ற பிறகு ஓடட்டும்.