பொது அறிவு என்பது யாது?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பொது அறிவு" என்னும் விஷயம் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நமக்குக் கட்டளை பிறந்திருக்கின்றது. இதனைப் பேசத் தகுதியுடையோமோ என்னும் ஐயம் நமக்கே உண்டு. இஃது அவையடக்கம் கருதிக் கூறும் உபசார வார்த்தை அன்று. அதற்கு ஒரு காரணம் உளது. அதனை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும்.

சென்ற ஆண்டு விழாவை ஒட்டி நம் சங்க வாசகசாலையில் சிறுவர் சிறுமியர்க்குப் பொது அறிவுப் போட்டி நடைபெற்றது. நடுவராக அமர்ந்தவர் நாமே. "சூரியனைச் சுற்றிவரும் கிரகங்கள் எத்தனை?" என்று வினவினோம். ஏழாம் வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி "எட்டு" என்றாள். நம் கையிலிருந்த விடைநூலில் "ஒன்பது" என்று அச்சாகியிருந்தது. "தவறு" என்றோம். அடுத்திருந்த சிறுவன் "ஒன்பது" என்றான். மதிப்பெண் அவனைச் சேர்ந்தது. அந்த ஒரு மதிப்பெண்ணால் முதற் பரிசும் அவனையே சேர்ந்தது. அச்சிறுமி அழவில்லை, வாதாடவும் இல்லை. கூட்டம் கலையுந் தருணத்தில் நம்மருகே வந்து, "ஐயா, அந்தப் புத்தகம் எந்த வருஷத்தில் அச்சிட்டது?" என்று மாத்திரம் கேட்டாள். "குழந்தாய், புத்தகத்தில் உள்ளது பிழைபடாது" என்று கூறி அனுப்பிவிட்டோம். இரவு வீடு சேர்ந்து முதற் பக்கத்தைப் புரட்டினோம். 1998 என்று இருந்தது.

அன்பர்களே! அன்று முதல் இந்தப் பொது அறிவு என்பதை நாம் மறுபடியும் முதலிலிருந்து கற்கத் தொடங்கினோம். கற்றதைத் தங்கள் முன் வைப்பதே இன்றைய நோக்கம்.

ஒன்பதாவது கிரகமாக எண்ணப்பட்ட புளூட்டோவை 1930 ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் அரிஸோனாவிலுள்ள லோவெல் வானாராய்ச்சி நிலையத்தில் கிளைட் டோம்பா என்னும் 24 வயது இளைஞர் கண்டுபிடித்தார். வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு இரவுகளில் படம் பிடித்து, அப்படங்களை மாற்றி மாற்றி நோக்கி, எந்தப் புள்ளி இடம் பெயர்ந்தது என்று அவர் தேடினார். அதற்குப் புளூட்டோ என்னும் பெயரை முன்மொழிந்தவள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துச் சிறுமி; வெனிஷியா பர்னி என்பது அவள் பெயர், அப்பொழுது வயது 11. பின்னர் அதே பிரதேசத்தில் வேறு பல கோளங்கள் தென்பட்டன. 2005 இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் என்பது ஏறக்குறைய புளூட்டோவின் பருமனே உடையது. புளூட்டோ கிரகமாயின் ஏரிஸும் கிரகமே, இன்னும் எத்தனையோ? ஆகவே 2006 ஆகஸ்டு மாதத்தில் பிராக் நகரிற் கூடிய சர்வதேச வானவியற் சங்கத்தார், கிரகம் என்பதற்கு இலக்கணம் வகுத்து, தன் பாதையிலுள்ள பிற கோளங்களை ஒழுங்கு செய்யும் ஆற்றல் இல்லாத புளூட்டோவைக் குறுங்கோள் என வைத்தனர். இது புதுமையும் அன்று. 1801 இல் கண்ட சீரிஸ் என்பதும் பல வருஷங்கள் கிரகமாகவே எண்ணப்பட்டுப் பின்னர் அவ்வரிசையினின்றும் நீங்கியதே. வானத்தில் ஒரு பொருளும் மறையவில்லை. மனிதனுடைய அறிவு வளர்ந்தது, ஆகவே கணக்கு மாறியது. "எட்டு" என்ற சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கின்றது. அச்சிறுமி கேட்ட "எந்த வருஷம்?" என்னும் வினா, நம் விடைநூல் முழுவதினும் பெரிது.

இனி ஒரு மலையைப் பற்றிக் கூறுவோம். உலகில் உயர்ந்த சிகரம் எவரெஸ்ட் என்று எல்லோரும் அறிவர். அதன் உயரத்தை எவ்வாறு அறிந்தனர் என்று கேட்டால் பெரும்பாலோர் மௌனம் சாதிப்பர். அவ்வேலை தொடங்கிய இடம் நம் சென்னையிலுள்ள பரங்கிமலை ஆகும். 1802 இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் அங்கே சுமார் 7½ மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாமன்றோ? அம்முறையால் முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தேசம் முழுவதையும் அளந்து சென்றனர். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது, சுமார் அரை டன் நிறையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சேதமுற்றது. லாம்டன் மனந்தளராமல் அதனைத் தாமே பழுது பார்த்தார். அவர் இறந்த பின்னும் வேலை வடக்கு நோக்கி நடந்தது. நூறு மைலுக்கு அப்பாலுள்ள சமவெளியில் நின்று பனிமலைச் சிகரங்களின் கோணங்களை அளந்தனர். "பதினைந்தாம் சிகரம்" என்று பெயரிட்டிருந்த ஒன்றே எல்லாவற்றினும் உயர்ந்தது என்று 1852 இல் கணக்கிட்டுக் கண்டவர் வங்காளத்துக் கணித வல்லுநராகிய ராதாநாத் சிக்தார். 1856 இல் அதன் உயரம் 29,002 அடி என வெளியிட்டனர். நூறு வருஷங்களுக்குப் பின், 1955 இல் மறுபடியும் அளந்தபொழுது 29,028 அடி, அதாவது 8,848 மீட்டர், என்றாயிற்று. 2020 இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. மலையடிக்கும் செல்லாமல், கோணமும் கணக்குமே துணையாகக் கொண்டு உரைத்த முதற் கணக்கிற்கும் இதற்கும் 9 மீட்டர் அளவே வேற்றுமை! எண்ணை மாத்திரம் மனனம் செய்தவனுக்கு இவ்வியப்பு கிட்டுமா?

அன்றியும், "உயர்ந்தது" என்பது எங்கிருந்து அளந்தது? கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டே உயர்ந்தது. அடிமுதல் நுனிவரை அளந்தால், ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கேயா கடலடியிலிருந்து 10,000 மீட்டருக்கு மேல் நிற்கின்றது. ஆயின் நீருக்கு மேல் தெரிவது 4,207 மீட்டர் மாத்திரமே. பூமியின் மையத்திலிருந்து அளந்தால், ஈக்வடார் தேசத்துச் சிம்பொராஸோவின் நுனியே மிகத் தொலைவில் உள்ளது; பூமி நடுவிற் சற்றுப் பருத்திருப்பதே இதற்குக் காரணம். மூன்று விடைகளும் மெய்யே. வினாவைச் செவ்வனே கேட்கத் தெரியாதவனுக்கு விடை தெரிந்தும் பயனில்லை.

அறிஞர்களும் பிழைபடுவதுண்டு. மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 48 என்று 1923 இல் அமெரிக்க விஞ்ஞானி பெயின்டர் கூறினார். உலகத்துப் பாடநூல்கள் யாவும் அதனையே முப்பது வருஷங்களுக்கு மேல் போதித்தன. 1955 ஆம் வருஷக் கடைசியில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்பவர், உயிரணுக்களைப் பக்குவப்படுத்தும் முறையைத் திருத்திக்கொண்டு எண்ணிப் பார்த்தார். 46 தான் இருந்தன. அவரும் லெவான் என்பவரும் அடுத்த வருஷம் அதனை வெளியிட்டனர். எண்ணிக்கை என்பது எவ்வளவு எளிய வேலை! அதிலும் பிறர் சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வது மனித இயல்பு. சீனத்துப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து தெரியும் என்னும் கூற்றும் இவ்வினத்தது. அச்சுவர் நீளத்தில் பெரிதே அன்றி அகலத்தில் சில மீட்டர்களே. சந்திரனோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2003 இல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், பூமிக்கு மிக அருகிற் சுற்றியும், அச்சுவர் தம் கண்ணுக்குத் தென்படவில்லை என்றே கூறினார்.

இவை யாவும் நமக்கு எதற்கு என்று சில பெரியோர் கேட்கலாம். நம் வாசகசாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கே விளக்கேற்றி அரசாங்க உத்தியோகத் தேர்வுக்குப் படிக்கும் வாலிபர்களைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களுள் பலருடைய குடும்பம் ஒரே ஒரு மதிப்பெண்ணை நம்பியிருக்கின்றது. அவர்கள் கையில் நாம் கொடுத்திருப்பதோ அட்டை கிழிந்த பழைய விடைநூல்கள்! இந்திய மாநிலங்களின் தொகையைப் பாருங்கள். 2000 இல் மூன்று புதிய மாநிலங்கள் தோன்றி 25 என்பது 28 ஆயிற்று. 2014 இல் தெலங்கானா பிரிந்து 29 ஆயிற்று. 2019 இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாக வகுக்கப்பட்டு மீண்டும் 28 ஆயிற்று. 2005 இல் அச்சிட்ட நூலைப் படித்தவனும் 28 என்பான். நிகழ்ந்ததை அறிந்தவனும் 28 என்பான். முன்னவன் விடை சரியாயினும் அது அறிவன்று, அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நம் பிள்ளைகளைத் தேர்வு மண்டபத்திற்கு அனுப்பலாகாது. நம் தமிழ்நாட்டின் மாவட்டங்களும் 2019, 2020 ஆகிய இரண்டு வருஷங்களுக்குள் 32 இலிருந்து 38 ஆயின என்பதையும் இங்கு நினைவூட்டுகின்றோம்.

ஆகையால் இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது: வாசகசாலையில் உள்ள ஒவ்வொரு பொது அறிவு நூலின் அட்டையிலும் அஃது அச்சான வருஷத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டுதல் வேண்டும், பிழையெனக் கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். செலவு மிகச் சொற்பம். இரண்டாவது: இனி நடைபெறும் போட்டிகளில், விடை கூறும் பிள்ளையை "எவ்வாறு அறிந்தாய்?" என்றும் கேட்டு, அதற்குத் தனி மதிப்பெண் அளித்தல் வேண்டும். யார் கூறினும் அதன் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என்று நம் திருவள்ளுவர் வகுத்த வழியும் இதுவேயாம்.

முடிவாக ஒன்று. சென்ற ஆண்டுப் பரிசைச் சிறுவனிடமிருந்து திரும்பப் பெறுதல் முறையன்று. பிழை அவனுடையது அன்று, நம்முடையது. ஆதலின் அதே மதிப்புள்ள மற்றொரு முதற் பரிசை நம் சொந்தச் செலவில் கொணர்ந்திருக்கின்றோம். அச்சிறுமி தன் தாயாருடன் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். அக்கிராசனர் அவர்கள் தம் திருக்கரத்தால் அதனை அவளுக்கு வழங்கியருள வேண்டுகின்றோம். குழந்தாய்! நீ கேட்ட வினாவுக்கு அன்று நாம் விடை கூறவில்லை. இன்று இச்சபையறியக் கூறுகின்றோம்: அந்தப் புத்தகம் 1998 இல் அச்சிட்டது. நீ கூறியதே சரி.