முதல் கசிவு: திவி தீவுகளில் சிறுநீரகப் பரிசோதனை

சிறுநீரக நோய் முற்றும்வரை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு ஏறுவதற்குள் சிறுநீரகங்களின் வேலைத்திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கிவிடுகிறது. ஊர்ப் பரிசோதனை தேடுவது இந்தக் கசிவைத்தான். சிறு குப்பியில் பிடித்த காலைச் சிறுநீர் போதும். அதில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் கவனம் தேவை. காய்ச்சலோ கடும் உடலுழைப்போ அளவை உயர்த்திவிடலாம். அதனால் ஒரு முறை பார்த்து முடிவு சொல்வதில்லை; மூன்று மாதங்களுக்கு மேலும் கசிவு நீடித்தால்தான் நாட்பட்ட நோய் எனக் கொள்வர்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே, கடல் கடந்து, மெல்வில், பாதர்ஸ்ட் என்னும் திவி தீவுகள் உள்ளன. அங்கு வாழும் பூர்வகுடியினரிடம் சிறுநீரகச் செயலிழப்பு மிக அதிகமாகக் காணப்பட்டது. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் தீவையும் உறவினரையும் விட்டு டார்வினுக்குக் குடிபெயர நேர்ந்தது. மருத்துவர் வெண்டி ஹோய் 1990களின் தொடக்கத்தில் அங்கு நடத்திய பரிசோதனையில், வயது வந்தோரில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்குக் கசிவு வெளிப்படையாகவே இருந்தது.

காரணம் ஒன்றல்ல. குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் குறைவாக அமைகின்றன. பிறந்தபின் அவை புதிதாக உருவாவதில்லை. நெரிசலான வீடுகளில் பரவும் சிரங்கும் அதில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியும் சிறு வயதிலேயே சிறுநீரகத்தைப் புண்படுத்துகின்றன. பிறகு உடற்பருமனும் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சேர்கின்றன. ஆகவே இதை வெறும் மரபணு விதி என்று ஒதுக்கிவிடுவது தவறு. இதில் பெரும்பகுதி வறுமையின் வேலை.

1995இல் தீவுகளில் சிகிச்சை தொடங்கியது. பெரிண்டோப்ரில் மாத்திரையே அதன் அடிப்படை. அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு வடிகட்டிகளின் உள்ளழுத்தத்தையும் தணித்துக் கசிவைக் குறைக்கும். சர்க்கரை நோயோ உயர் அழுத்தமோ இல்லாவிட்டாலும், கசிவு மிகுந்தவர்களுக்கு அது தரப்பட்டது. சிகிச்சைக்கு முந்தைய காலத்தில் இதே நிலையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, இயற்கை மரணங்களும் சிறுநீரகச் செயலிழப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. எளிய மாத்திரை ஒன்று இவ்வளவு உயிர்களைக் காத்தது பெரிய செய்தி.

பின்னர் திட்டம் உள்ளூர்ச் சுகாதார அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆளும் பணமும் குறையக் குறைய, கண்காணிப்பு தளர்ந்தது, மாத்திரை விட்டுப்போனது, பலன் கரைந்து மரணங்கள் மீண்டும் ஏறின. கதையின் இந்த இரண்டாம் பகுதிக்கும் முதற்பகுதி அளவுக்கு முக்கியத்துவம் உண்டு. மறுநாள் மாத்திரை கொண்டுவந்து தர ஆளில்லாத ஊரில் சிறுநீரைச் சோதிப்பது, மக்களுக்கு அச்சத்தை மட்டுமே கொடுக்கும்.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் பின்னாளில் நடந்த பரிசோதனை, சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையிலான இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. செவிலியர் குழு சிறு கருவிகளோடு ஊருக்கே சென்றது. சிறுவர்களும் சேர்க்கப்பட்டனர். முடிவு அதே இடத்தில், அதே அமர்வில் சொல்லப்பட்டது. வயது, பாலினம், வடிகட்டும் திறன், கசிவின் அளவு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் செயலிழப்பு வரும் வாய்ப்பு கணிக்கப்பட்டது. வாய்ப்பு குறைந்தவர்கள் உள்ளூர் மருத்துவமனையின் கவனிப்பில் இருந்தனர். மிகுந்தவர்கள் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர்.